கராஜை மூடிவிட்டுப் பந்தயத்துக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 33. திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்கு அப்பால் வாடகைக் காணியில் சிறிய கராஜ் நடத்துகிறேன். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கரையிலிருந்து வரும் படகு எஞ்சின் எல்லாம் பார்ப்பேன். ஒரு பாஸிடம் கையாளாக நின்று பழகிய தொழில்; சான்றிதழ் எதுவும் இல்லை. மோட்டார் பந்தயம் என்றால் சிறுவயதிலிருந்தே பைத்தியம். பழைய 125 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ஒரு மில்லிமீட்டர் அகலமாக்கி (போர் அடித்து), நானே பந்தயத்துக்குக் கட்டினேன். மைத்துனர் ஓட்டினார். நுவரெலியாவில் ஒரு மலையேற்றப் போட்டிக்குப் போனோம். பயிற்சி ஓட்டத்தில் எஞ்சின் திணறியது. ஸ்பார்க் பிளக் கன்னங்கரேல் என்று இருந்தது. காபரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை இரண்டு எண் குறைத்ததும் வண்டி பறந்தது. வகுப்பில் மூன்றாம் இடம். ஆனால் போட்டி முடிந்து சிலிண்டரைக் கழற்றி அளந்தவர்கள், கொள்ளளவு கூடுதல் என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்து மின்னேரியாவில் பாதி ஓட்டத்தில் பிஸ்டன் இறுகிவிட்டது. அன்றைக்குப் பிளக் வெள்ளையாக இருந்தது.

இப்போது கொழும்பில் அணி வைத்திருக்கும் ஒருவர், கராஜை மூடிவிட்டு முழுநேரமாகத் தம்மிடம் வரச் சொல்கிறார். தங்குமிடமும் சாப்பாடும் தருவாராம். சம்பளத்தைப் பிறகு பார்க்கலாமாம். நல்ல பெயர் கிடைக்குமாம். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கடைக் காசெல்லாம் அந்த எஞ்சினுக்குள்ளே போய்விட்டது என்கிறார். இதற்கிடையில் ஊர்ப் பையன்கள் சிலர், இரவில் நிலாவெளி வீதியில் ஓட்டுவதற்காகத் தங்கள் வண்டிகளின் வேகத்தைக் கூட்டித் தரச் சொல்கிறார்கள். காசும் நன்றாகத் தருவார்கள். நான் எந்தப் பக்கம் போவது? இறுகிய எஞ்சினை மறுபடி கட்டலாமா?

— வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, கராஜை மூடாதீர்கள். கொழும்புக்காரருக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தயத்தில் சொந்தக் காசை இறைக்கிறவர்களில் பலர் நல்ல மனிதர்கள்தான். மெக்கானிக்கின் கூலி என்று வரும்போது மட்டும் சிலருக்குக் கணக்கு மறந்துவிடும். டயர் கடைக்குப் போய், "உங்கள் டயருக்கு நல்ல பெயர் கிடைக்கும், காசைப் பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொல்வாரா? வண்டிகளை ஏற்றிச் செல்லும் லொறிக்காரரிடம் சொல்வாரா? அவர்களுக்கெல்லாம் கையில் காசு. எஞ்சினைக் கட்டி, இரவிரவாக விழித்திருந்து, காலையில் வண்டியைத் தொடக்கக் கோட்டில் நிறுத்துகிற உங்களுக்கு மட்டும் பெயரா?

நம் நாட்டில் பந்தய நாட்காட்டி எவ்வளவு சிறியது என்பதையும் யோசியுங்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்தோடு மஹகஸ்தோட்ட மலையேற்றம். 1934-இல் தொடங்கியது என்பதால் அதற்கு ஒரு தனி மவுசு. மண் களத்தில் சுற்றுச் சுற்றாக ஓடும், இராணுவப் படைப்பிரிவுகளின் சுப்பர்குரோஸ் போட்டிகள் தியத்தலாவை, சாலியபுர, மின்னேரியா ஆகிய இடங்களில். விமானப்படையின் சீகிரியா ரெலி குரோஸ். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ஓடுபாதை. இன்னும் சில. இவற்றுக்கு இடையில் வெறும் மாதங்கள் கிடக்கின்றன. அதுவும் எல்லா வருடமும் ஒழுங்காக நடந்தால்தான். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொவிட், 2022-இன் எரிபொருள் வரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில், தியத்தலாவைப் போட்டி 5 வருடம் கழித்து 2024-இல்தான் மறுபடி நடந்தது. அப்படி ஒரு காலம் திரும்பவும் வந்தால் அந்தச் சாப்பாடும் தங்குமிடமும் எத்தனை மாதத்துக்கு நீளும்? அணி உரிமையாளருக்குக் கைகொடுக்க இன்னொரு வியாபாரம் இருக்கும். உங்களுக்கு இருப்பது கராஜ் ஒன்றுதான். அதையும் மூடிவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது உங்கள் முச்சக்கர வண்டிக்காரர்கள் அடுத்த தெருவில் வேறொருவரிடம் பழகியிருப்பார்கள்.

ஆகவே அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "போட்டிக்குப் போட்டி வருகிறேன். போட்டிக்கு முன்னால் இத்தனை நாள் வேலை, போட்டி நாட்கள் இத்தனை, ஒரு நாளுக்கு இவ்வளவு. போக வரச் செலவும் தங்குமிடமும் உங்களுடையவை. உதிரிப்பாகங்களை நீங்களே வாங்கித் தாருங்கள், அல்லது முற்பணம் தாருங்கள். கூலியில் பாதி புறப்படும் முன்." நாட்கூலியை எப்படிக் கணக்கிடுவது என்றால், வாடகை, மின்சாரம், கையாளின் சம்பளம் எல்லாம் போக, ஒரு சாதாரண நாளில் உங்கள் கராஜில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்த வருமானம் நின்றுவிடும், வாடகை நிற்காது. இரண்டும் அந்தக் கூலிக்குள் வர வேண்டும். அவர் முழுநேரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், அவர் பங்காக 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம். சட்டப்படி எந்த முதலாளியும் கட்ட வேண்டியவைதான் இவை. புதிதாக எதையும் நீங்கள் கேட்கவில்லை. இதைக் கேட்டதும் அவருடைய குரல் மாறினால், ஒரு நாள் வருமானத்தைக்கூட இழக்காமல் உங்களுக்கு உண்மை தெரிந்துவிடும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த பகுதிக்கு வருகிறேன். நுவரெலியாவில் திணறிய எஞ்சினும் மின்னேரியாவில் இறுகிய எஞ்சினும் ஒரே கதையின் இரண்டு பாகங்கள். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை.

திருகோணமலை கடல் மட்டத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் அந்த நட்டத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் வெயிலோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஆறில் ஒரு பங்கு காற்று குறைவாகச் சிலிண்டருக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்த அளவுக்கு அது பெற்றோலைக் குறைப்பதில்லை. கலவை தடிக்கிறது, பிளக் கறுக்கிறது, எஞ்சின் திணறுகிறது. நீங்கள் பிளக்கின் நிறத்தைப் பார்த்து மெயின் ஜெட்டைக் குறைத்தீர்கள். முழுக்கச் சரி. யாரும் சொல்லித் தராமல், கணினி இல்லாமல், அந்த நெருக்கடியில் அதைச் செய்தீர்கள் என்றால் உங்கள் கையில் தொழில் இருக்கிறது. கொழும்புக்காரர் உங்களைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதன் பிறகு மலையிலிருந்து இறங்கினீர்கள். வண்டி கராஜில் கிடந்தது. மின்னேரியாவுக்குப் புறப்படும்போது ஜெட்டைத் திரும்ப மாற்றினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றவில்லை என்றுதான் அந்த வெள்ளைப் பிளக் சொல்கிறது. மின்னேரியா தாழ்ந்த சமவெளி, வெயில் வேறு. நுவரெலியாவின் மெலிந்த காற்றுக்குப் போதுமாக இருந்த சிறிய ஜெட், அங்கே முழு அடர்த்தியோடு உள்ளே வந்த காற்றுக்குப் போதவில்லை. பெற்றோல் குறைந்த கலவை சூடாக எரியும். மலையேற்றத்தில் எஞ்சின் முழுத் திறப்பில் நிற்பது கொஞ்ச நேரம்தான். சுப்பர்குரோஸில் சுற்றுக்கு மேல் சுற்றாக, புழுதிக்குள், காற்றுக் குளிர்ச்சியும் சரியாகக் கிடைக்காமல் அது உழைக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள் உறை வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. லேத் பட்டறையில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டிருந்தாலும் சேதி முடிந்தது. இறுகியது அதனால்தான், பெரும்பாலும் வேறு மர்மம் இருக்காது.

முதல் போட்டியில் நடந்ததற்கு அளவுகோல் போதும். எந்த வண்டி என்று நீங்கள் எழுதவில்லை; ஹொண்டா சிஜி 125-ஐ உதாரணமாக எடுக்கிறேன். அதன் சிலிண்டர் விட்டம் 56.5 மி.மீ., பிஸ்டன் வீச்சு 49.5 மி.மீ. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, வீச்சால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 124.1 சீசீ வரும். ஒரு மில்லிமீட்டர் போர் அடித்தால் விட்டம் 57.5. அதே கணக்கில் 128.5 சீசீ. எல்லை 125 என்று எழுதியிருக்கும் வகுப்பில் இதற்கு இடம் இல்லை. வீதியில் ஓடும் வண்டிக்குத் தேய்மானத்துக்கு ஏற்பப் போர் அடிப்பது அன்றாட வேலை. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பந்தயத்தில் அது வேறு வகுப்பு. சில விதிகள் தேய்மானப் போருக்குக் கொஞ்சம் இடம் விடுவதுண்டு, சில விடுவதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் விதிக்கோவை வெளியிடுவார்கள். எஞ்சினைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டியது அது. புரியாத இடத்தைப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. போட்டி முடிந்த பிறகு வந்து சத்தம் போடுபவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. நீங்கள் சத்தம் போட்டதாக எழுதவில்லை. அது நல்லது, அடுத்த முறை உங்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

இரண்டு தோல்விக்கும் காரணம் கைத்திறன் குறைவு அல்ல. எழுதி வைக்காததுதான். ஜெட் எண்ணையும் போர் அளவையும் ஒரு கொப்பியில் எழுதியிருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். பந்தய மெக்கானிக்கை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது, பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல, இரகசியமான வேகக் கூட்டல் வித்தை இல்லை. எந்த நட்டை எவ்வளவு முறுக்கினார், எந்த ஜெட் போட்டார், வால்வு இடைவெளி எவ்வளவு, அன்றைக்கு வெயிலா மழையா, பிளக் என்ன நிறம் என்பதெல்லாம் அவரிடம் தாளில் இருக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கைப்பழக்கத்தில் இறுக்காமல், முறுக்கின் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்து, குறுக்கும் மறுக்குமாகப் படிப்படியாக இறுக்குவார். இறுக்கிய நட்டில் நிறக்கோடு ஒன்று போடுவார். அது நகர்ந்திருக்கிறதா என்று நடந்துபோகும்போதே தெரியும். இந்தப் பழக்கம் ஒன்றுக்குமே கொழும்பு தேவையில்லை. நாளைக் காலை முதல் வரும் முச்சக்கர வண்டியில் தொடங்கலாம். வண்டிக்கு ஒரு பக்கம், பதிவு எண், தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பொருள். மூன்று மாதம் கழித்து அதே சாரதி வந்து "பிறேக் சத்தம்" என்னும்போது, போன தடவை என்ன போட்டீர்கள் என்று நீங்கள் தாளைப் பார்த்துச் சொன்னால், அவர் தன் தம்பியின் வண்டியையும் உங்களிடம் அனுப்புவார்.

உங்கள் கடிதத்தில் படகு எஞ்சினைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது பெரிய விஷயம். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த அவுட்போர்ட் எஞ்சின்களில் பெரும்பாலானவை இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின்கள். ரீட் வால்வு, போர்ட், எண்ணெய்க் கலவை, கிரேங்க் சீல், மூடிய கிரேங்க் அறைக்குள் அழுத்தம் கசிந்தால் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் உங்களுக்கு விரல்நுனியில் இருக்கும். மோட்டோகுரோஸ் களத்தில் ஓடும் இரண்டு வீச்சு 125-க்குள்ளும் இதே உறுப்புகள், இதே நோய்கள். நான்கு வீச்சு வண்டிகளோடு மட்டுமே வளர்ந்த நகரத்து மெக்கானிக்குகள் பலருக்கு அந்த எஞ்சின் ஒரு பூதம். கொழும்புக்காரரிடம் கூலி பேசும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

அதோடு இன்னொன்று. மீனவர் ஒருவரின் எஞ்சினைப் பழுதுபார்த்துக் கொடுக்கும்போது நீங்கள் அவசரப்பட்டு அனுப்புவீர்களா? கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகு அது நின்றால் தள்ளிக்கொண்டு வர முடியாது. தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓடவிட்டு, குளிர்நீர் பீச்சியடிக்கிறதா என்று பார்த்து, சூடேறிய பிறகு மறுபடி நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே கொடுப்பீர்கள். பந்தய வண்டி நின்றால் புள்ளிதான் போகும். அதனால்தானோ என்னவோ, படகு எஞ்சினுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட உங்கள் சொந்தப் பந்தய வண்டிக்குக் கொடுக்கவில்லை. ஆசையோடு செய்கிற வேலையில் இது அடிக்கடி நடக்கிறது.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்துக்குள் தலையிட எனக்கு உரிமை இல்லை, கணக்குக்குள் தலையிடலாம். "கடைக் காசெல்லாம் அந்த எஞ்சினுக்குள்ளே போய்விட்டது" என்று அவர் சொல்வதில் பந்தயத்தின் மீது வெறுப்பு எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு போனது என்று யாருக்குமே தெரியாததுதான் அவருடைய பயம். உங்களுக்காவது தெரியுமா? பிஸ்டன், லேத் கூலி, டயர், நுழைவுக் கட்டணம், லொறி, இரண்டு ஊரிலும் சாப்பாடு, கடை மூடிய நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். தொகையைப் பார்த்து நீங்களே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பீர்கள். பிறகு அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, பந்தயத்துக்கு வேறொன்று. வீட்டுக்கும் வாடகைக்கும் சேமிப்புக்கும் எடுத்த பிறகு மிஞ்சுவதில் ஒரு பகுதி மட்டும் இரண்டாவது கணக்குக்குப் போகட்டும். எவ்வளவு என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். போட்டிக்கூலி வந்தால் அதுவும் அங்கே. கணக்கு காலியானால் அந்த வருடம் பார்வையாளராகப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பந்தயத்துக்கு முன்னால் கராஜுக்கே ஒரு செலவு காத்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டில் எல்லோரும் பழைய வண்டியைத்தான் தட்டித் தட்டி ஓட்டினார்கள். மெக்கானிக்குகளுக்கு அது வேலை நிறைந்த காலம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. இனி வருகிறவற்றில் காபரேட்டரைத் தேட வேண்டியதில்லை. எரிபொருள் ஊசி, சென்சர், கட்டுப்பாட்டுப் பெட்டி. உங்கள் காதும் பிளக்கின் நிறமும் பாதித் தூரம்தான் கூட்டிப்போகும். ஒரு நல்ல ஸ்கேனர் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த அறிவும் இல்லாவிட்டால், சில வருடங்களில் உங்கள் வாசலுக்கு வருகிற வண்டிகள் குறையும். அடுத்த பந்தயப் பிஸ்டனுக்கு முன் ஸ்கேனரை வாங்குங்கள். திருகோணமலையில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: உப்புக்காற்று. புதிய வண்டியோ பழைய வண்டியோ, வயர் முனைகள் பச்சை பிடிக்கும், சென்சர் இணைப்புகள் அரிக்கும், பிறேக் கலிப்பர் இறுகும். மின்னணு வண்டியில் பாதிக் கோளாறு பெட்டிக்குள் இருப்பதில்லை, பெட்டிக்குப் போகிற வயரில் இருக்கிறது. கடற்கரை ஊரில் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுப்பவருக்கு ஆள் தேடி வருவார்கள்.

ஊர்ப் பையன்களுக்கு: முடியாது என்று சொல்லுங்கள். இதில் நான் வளைந்து கொடுக்கப்போவதில்லை. இரவில் அந்த வீதியில் மாடு படுத்திருக்கும், வெளிச்சம் இல்லாத சைக்கிளில் மனிதர் வருவார், உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் நடந்து போவார்கள். எஞ்சினின் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். பிறேக், டயர், முன் ஃபோர்க் எல்லாம் பழைய வேகத்துக்குச் செய்தவை. பந்தயத்துக்குப் பயன்படுத்திய வண்டிக்குச் சாதாரணக் காப்புறுதி இழப்பீடு தருவதில்லை. விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் கேட்பது, வண்டியை மாற்றிக் கொடுத்தது யார் என்று. 2024 ஏப்ரல் 21-ஆம் தேதி தியத்தலாவையில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் மோதி 7 பேர் இறந்தார்கள். அங்கே கொடி பிடித்த அலுவலர்கள் இருந்தார்கள், அம்புலன்ஸ் இருந்தது, இராணுவமே இருந்தது. நிலாவெளி வீதியில் இரவு பதினொரு மணிக்கு என்ன இருக்கும்?

ஆனால் பையன்களைத் துரத்திவிடாதீர்கள். அவர்களில் ஒருவனாக நீங்களும் இருந்திருப்பீர்கள். அடுத்த முறை மின்னேரியாவுக்குப் போகும்போது இரண்டு பேரைக் கையாளாகக் கூட்டிப் போங்கள். ஹபரணை வரை ஒரே வீதி. விடியற்காலையில் கிளம்பினால் பரிசோதனை நேரத்துக்கு முன்பே போய்விடலாம். ஹெல்மெட்டின் தர முத்திரையைக்கூடப் பார்த்து, கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்து, பிறகே ஓட்டுநரை உள்ளே விடுவதை அவர்கள் நேரில் பார்க்கட்டும். வேகம் வேண்டும் என்கிறவன் அந்தக் களத்தில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தால், தன் வண்டிக்கு முதலில் தேவைப்படுவது சஸ்பென்ஷனும் பிறேக்கும் என்று அவனே வந்து கேட்பான். அந்த வேலைக்குத் தாராளமாகக் காசு வாங்குங்கள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. சாதாரண தரம் படித்தீர்களா இல்லையா என்பது இங்கே தடையில்லை. செய்து பழகிய தொழிலை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழி நம் நாட்டில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச அதிகாரசபையான நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் உங்கள் அனுபவத்துக்கான சான்றுகளைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், வேலை செய்து காட்டச் சொல்வார். தமிழிலேயே பதில் சொல்லலாம். 3-ஆம் அல்லது 4-ஆம் மட்டத்துக்கு உங்கள் அனுபவம் தாங்கும் என்பது என் கணிப்பு. நான் மேலே சொன்ன கொப்பி அங்கேயும் சான்றாகும். மேலே படிக்க வேண்டும் என்றாலும், வங்கியில் தொழில் கடன் கேட்டாலும், ஒருவேளை வெளிநாடு போக நேர்ந்தாலும் அந்தத் தாள் பேசும். சங்கடமான உண்மை: பத்து வருட அனுபவத்தைவிட அந்த ஒரு தாளை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேகமாக நம்புகிறார்கள்.

கடைசியாக அந்த எஞ்சின். கட்டலாம், ஆனால் இறுகிய காரணத்தை நீக்காமல் புதுப் பிஸ்டனைப் போடாதீர்கள். காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்றுக் கசிந்தாலும் பிளக் வெளுக்கும். எஞ்சினை முழுவதும் பிரித்து எண்ணெய் வழிகளைக் கழுவுங்கள். இறுகிய பிஸ்டனிலிருந்து உரிந்த அலுமினியத் துகள் அங்கே ஒளிந்திருக்கும், இரண்டாவது எஞ்சினையும் தின்னும். கிரேங்க் பேரிங்கையும் கொனெக்டிங் ரொட்டின் இரண்டு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். இன்னும் பெரிதாகப் போர் அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நல்ல லேத் பட்டறையில் சிலிண்டருக்குப் புது உள் உறை (ஸ்லீவ்) ஏற்றி, தொழிற்சாலை அளவுக்கே திரும்புங்கள். அப்போது வகுப்புப் பிரச்சினையும் தீரும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கு ஏற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று கையேட்டிலிருந்து நீங்கள் எழுதிக் கொடுங்கள். "பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள்.

பூட்டிய பிறகு கடல் மட்டத்துக்கு உரிய பழைய மெயின் ஜெட்டைப் போட்டு, மிதமான வேகத்தில் சூடேற்றி ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி எஞ்சினைப் பழக்குங்கள். பயிற்சி நாளில் மைத்துனரிடம் ஒரு நீளமான நேர்ப்பகுதியில் முழுத் திறப்பில் போய், அங்கேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் பிளக்கின் நிறம் மாறிவிடும். பிளக் தவிட்டு நிறமாக இருந்தால் ஜெட் சரி. வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். வண்டியின் பெயரையும் சிலிண்டரில் எடுத்த ஆறு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள்; ஸ்லீவ் மாற்றியே ஆக வேண்டுமா, உரசி எடுத்துச் சமாளிக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.